பழைய காசு ஏலத்துக்கு நேர்ல போகலாமா? ஏமாறாம வாங்குறது எப்படி?

கேள்வி கேட்ட தம்பி எழுதினது சுருக்கமா இதான்: தாத்தா விட்டுட்டுப் போன ராஜா தலை வெள்ளி ரூபாய்ல ஆரம்பிச்ச ஆசை இப்ப மெட்ராஸ் பிரசிடென்சி காசு, சோழர் காசுன்னு போயிட்டு இருக்கு, இதுவரைக்கும் கடைலயும் வாட்ஸ்அப் குரூப்லயும்தான் வாங்கி இருக்கார், இப்ப பெங்களூர், மும்பை பக்கம் நடக்குற ஏலத்துக்கு நேர்ல போகலாமா, எவ்வளவு பணம் வேணும், டீலருங்க நடுவுல நம்மள மாதிரி ஆளு ஏமாந்துடுவோமா, தாத்தா காச அங்க விக்கலாமா. நாலு கேள்வி.

போகலாம். தாராளமா போகலாம். ஆனா ஏலம் நடக்குற ஹாலுக்கு போறது ரெண்டாம்பட்சம், அதுக்கு முன்னாடி காச கைல எடுத்துப் பாக்க விடுற வியூயிங்குக்கு போறதுதான் முக்கியம். நிறைய பேரு இத தலைகீழா பண்றாங்க. ஏலத்தன்னிக்கு காலைல பஸ்ஸ விட்டு இறங்கி நேரா ஹாலுக்கு வந்து, கேட்டலாக்ல போட்டோவ பாத்துட்டு கைய தூக்குறாங்க. காசு நல்லதா கெட்டதா, என்ன விலை வரைக்கும் போகலாம், இது ரெண்டும் ஹாலுக்குள்ள நுழையும்போதே பென்சில்ல எழுதி முடிச்சிருக்கணும். ஹால்ல உக்காந்து யோசிக்க நேரமே கிடையாது.

நம்ம நாட்டுல ஒழுங்கா பிரிண்டட் கேட்டலாக் போட்டு ஏலம் நடத்துறவங்க கொஞ்ச பேருதான். மும்பைல டோடிவாலா, ராஜ்கோர், ஆஸ்வால், பெங்களூர்ல மருதர் ஆர்ட்ஸ், அகமதாபாத்ல கிளாசிக்கல் நியூமிஸ்மேட்டிக் கேலரி, இப்படி. பெரும்பாலும் ஏதாவது காயின் எக்ஸிபிஷன் நடக்கும்போது அத ஒட்டியே ஏலமும் வச்சிருவாங்க, ஏன்னா அப்பதான் எல்லா ஊரு டீலரும் ஒரே இடத்துல இருப்பாங்க. கேட்டலாக் முன்கூட்டியே வெப்சைட்ல பிடிஎஃப்பா வந்துடும். பழைய ஏலத்துல எந்த லாட், அதாவது நம்பர் போட்டு ஏலம் விடுற ஒரு காசோ ஒரு குவியலோ, என்ன விலைக்கு போச்சுங்குற லிஸ்டும் அங்கயே இருக்கும், அதுதான் தங்கம். இவ்வளவுக்கு போகும்னு கேட்டலாக்ல போடுற எஸ்டிமேட்ட நம்பாதீங்க, அந்த லிஸ்ட நம்புங்க. எஸ்டிமேட்ங்குறது ஆள உள்ள இழுக்குறதுக்கு போடுற நம்பர், பல சமயம் வேணும்னே கம்மியா போட்டிருப்பாங்க, எட்டாயிரம் பத்தாயிரம்னு போட்டிருக்குற காசு நாப்பதாயிரத்துக்கு போறத சாதாரணமா பாக்கலாம்.

கேட்டலாக்ல இன்னொரு விளையாட்டு இருக்கு. ஒவ்வொரு காசுக்கும் பக்கத்துல ஆர், ஆர்ஆர், ஆர்ஆர்ஆர்னு போட்டிருப்பாங்க, எவ்வளவு அபூர்வம்னு காட்ட. என் அபிப்பிராயம், அத கல்யாண பத்திரிகைல பேருக்கு பின்னாடி வர்ற பட்டம் மாதிரி எடுத்துக்குங்க. இருக்கலாம், ஆனா அதுக்காக மொய் கூட வைக்க வேண்டியதில்ல. அபூர்வம்ங்குறது வேற, கேக்குறவன் இருக்கானாங்குறது வேற. உலகத்துலயே அஞ்சு பீஸ்தான் இருக்குற ஒரு குட்டி சமஸ்தான செப்புக்காசு ரெண்டாயிரத்துக்கு கிடைக்கும், ஏன்னா தேடுறவனே மூணு பேருதான் இருப்பான். அந்தப் பக்கம் 1911 ஜார்ஜ் ரூபாய எடுத்துக்குங்க, ராஜா அங்கில இருக்குற யானை பன்னி மாதிரி தெரியுதுன்னு பெரிய சலசலப்பு ஆகி, அடிச்சது 94 லட்சம் பக்கம், அதுல வெளிய போனது 7 லட்சம்தான், மிச்சத்த உருக்கிட்டாங்க, 1912ல யானைய சரி பண்ணி புதுசா அடிச்சாங்க. கதை சூப்பர். ஆனா 7 லட்சம்ங்குறது சின்ன நம்பர் இல்லையே, கதை இருக்குன்னே எல்லாரும் பத்திரமா எடுத்து வச்சிருக்காங்க, அதனால ஒவ்வொரு ஏலத்துலயும் ரெண்டு மூணு வரும். நல்ல கண்டிஷன் பீஸ் தவிர மத்ததுக்கு அவசரப்பட்டு கைய தூக்காதீங்க, அடுத்த ஏலத்துலயும் வரும்.

சரி, வியூயிங். ஏலத்துக்கு முந்தின நாளோ, சில இடத்துல ரெண்டு மூணு நாள் முன்னாடியோ டேபிள் போட்டு வச்சிருப்பாங்க. லாட் நம்பர் சொன்னா ட்ரேல எடுத்து வைப்பாங்க. பத்து மடங்கு பெருசா காட்டுற நல்ல லென்ஸ் ஒண்ணு, 0.01 கிராம் வரைக்கும் காட்டுற சின்ன டிஜிட்டல் தராசு ஒண்ணு, இது ரெண்டும் கையோட கொண்டு போங்க, தராசு போடுறதுக்கு முன்னாடி கேட்டுட்டு போடுங்க, யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க, சொன்னா அந்த லாட்ட விட்டுடுங்க. காச ஓரத்த மட்டும் பிடிச்சு தூக்கணும், ட்ரேக்கு மேலயே வச்சு பாக்கணும், கர்சீப் எடுத்து தொடைக்கவே கூடாது. தொடைச்சா அங்க இருக்குற பழைய டீலருங்க எல்லாம் ஒரு பார்வை பாப்பாங்க, அதுக்கப்புறம் உங்களுக்கு சொல்லிக்கொடுக்க யாரும் வர மாட்டாங்க.

நீங்க மெட்ராஸ் பிரசிடென்சி சேக்குறேன்னு சொன்னதால அதுல இருந்தே ஒண்ணு எடுத்து காட்டுறேன். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துல, 1807ல இருந்து கொஞ்ச வருஷம், மெட்ராஸ் மின்ட்ல, அதாவது நாணயச் சாலைல, அடிச்ச வெள்ளி அரை பகோடா, நம்ம வழக்குல அரை வராகன், இருக்கே, ஒரு பக்கம் கோயில் கோபுரம், சுத்தி நட்சத்திரம், மறுபக்கம் தாமரைல இருந்து எழுந்து நிக்கிற விஷ்ணு, அவர சுத்தி தமிழ்லயும் தெலுங்குலயும் அரை பூவராகன்னு எழுத்து. வெயிட் சுமார் 21 கிராம், கைல வச்சா நல்லா கனமா தெரியும். இதுல நிறைய பீஸ் புதுசா வெள்ளித் தகடு வெட்டி அடிச்சது இல்ல, அந்தக் காலத்துல கப்பல் கப்பலா வந்த ஸ்பானிஷ் டாலர எடுத்து அது மேலயே அடிச்சிட்டாங்க. அதனால லென்ஸ வச்சு வெளிச்சத்த சாய்ச்சுப் பாத்தீங்கன்னா கோபுரத்துக்கு பின்னாடி, எழுத்துக்கு நடுவுல, பழைய ஸ்பானிஷ் காசோட எழுத்தோட துண்டோ, ராஜா முகத்தோட கோடோ பேய் மாதிரி தெரியும். புதுசா பாக்குறவன் இத டேமேஜ்னு நினைச்சு லாட்ட விட்டுடுவான். தெரிஞ்சவன் அதுக்காகவே கூட கொடுப்பான். போட்டோல இது சரியா விழாது, சில சமயம் சும்மா கீறல் மாதிரி தெரியும். டேபிள்ல காச சாய்ச்சுப் பாத்தவனுக்குத்தான் தெரியும் இது எது மேல எது அடிச்சதுன்னு. கோபுரம், நட்சத்திர எண்ணிக்கை, எழுத்து இதுலல்லாம் ஏகப்பட்ட வெரைட்டி வேற இருக்கு, கேட்டலாக் எழுதினவரு அவசரத்துல சாதாரண வெரைட்டின்னு போட்டிருக்குறது உள்ளபடி வேறயா இருந்தா அதுதான் நம்மள மாதிரி ஆளுங்களுக்கு லாபம். டீலருக்கு ஆயிரம் லாட் பாக்கணும், நமக்கு பத்து லாட்தான், அந்த பத்துல நமக்கு அவர விட கூட தெரிஞ்சிருக்கலாம்.

அதே காச அப்படியே திருப்பி ஓரத்த பாருங்க, முக்கியமா கடிகாரத்துல பன்னெண்டு இருக்குற இடம். நம்ம ஊர்ல நல்ல காசுன்னா அத கழுத்துல போடுறதுதான் வழக்கம், காசுமாலைல கோத்தது, டாலரா வளையம் வச்சு பத்த வச்சதுன்னு பாதி தங்கக்காசும் நிறைய வெள்ளி ரூபாயும் ஒரு காலத்துல ஏதோ ஒரு பாட்டி கழுத்துல இருந்ததுதான். பின்னாடி அந்த வளையத்த அறுத்துட்டு ஓரத்த ராவி சரி பண்ணி விப்பாங்க. லென்ஸ்ல பாத்தா அந்த எடத்துல பல்லு வரிசை மழுங்கி இருக்கும், பத்த வச்ச மெட்டலோட கலர் கொஞ்சம் வேற மாதிரி இருக்கும். நல்ல ஏலக்காரங்க கேட்டலாக்லயே எக்ஸ் மவுண்ட்னு போட்டுடுவாங்க. போடாம விட்டதும் உண்டு. விலை பாதிக்கு மேல அடி வாங்கும், அதனால ஓரம் பாக்காம தங்கக்காசு வாங்கவே வாங்காதீங்க.

அடுத்தது பளபளப்பு. நம்ம வீட்டுல வெள்ளின்னா விபூதி போட்டு தேய்க்குறதுதான் பழக்கம், பண்டிகைக்கு பண்டிகை தேய்ச்சு தேய்ச்சு ரூபாய் எல்லாம் கண்ணாடி மாதிரி மின்னும், பாக்குறவனுக்கு புதுசு மாதிரி இருக்கும். லென்ஸ்ல பாத்தா தலைமுடி மாதிரி கோடு கோடா ஒரே திசைல ஓடும். அது க்ளீன் பண்ண காசு. நூறு வருஷ வெள்ளி இயற்கையா கறுத்து, கொஞ்சம் நீலமும் மஞ்சளும் அடிச்ச மாதிரி இருந்தா அதுதான் விலை. வெள்ளை வெளேர்னு இருக்குறத விட அழுக்கு மாதிரி தெரியுற டோனிங் உள்ள பீஸுக்கு பெரிய கலெக்டர்ஸ் அடிச்சுப்பாங்க. முகத்துல சின்ன சின்னதா குத்து விழுந்திருந்தா அது ஷராஃப் மார்க், அந்தக் காலத்து வட்டிக்கடைக்காரன் வெள்ளி நிஜமான்னு பாக்க அடிச்சது. கம்பெனி ரூபாய்ல சகஜம், ஆனா விலை குறையும், பழைய முகலாய ரூபாய்ல கொஞ்சம் மன்னிச்சு விடலாம்.

போலிங்கள பத்தி எழுதினா விடிஞ்சிடும், உங்களுக்கு வேண்டியத மட்டும் சொல்றேன். 1939 பம்பாய் மின்ட் வெள்ளி ரூபாய், ஆறாம் ஜார்ஜ், பழைய 91.7 சதவீத வெள்ளில அடிச்ச கடைசி ரூபாய் அதுதான், 1940ல இருந்து வெள்ளி பாதியா குறைஞ்சிடுச்சு, அதனால 1939க்கு விலை லட்சத்துல பேசுவாங்க. இதுக்காக 1938 ரூபாய்ல 8 மேல கைவேலை காட்டி 9 ஆக்குறவன் இருக்கான். அந்த கடைசி நம்பர மட்டும் லென்ஸ்ல அஞ்சு நிமிஷம் பாருங்க, மத்த மூணு நம்பர் மாதிரியே அதே உயரம், அதே ஓரம், அடில இருக்குற பரப்பு அதே வழவழப்பா இருக்கான்னு. இந்த மாதிரி காச, பரிசோதிச்சு தரம் போட்டு சீல் வச்சுக் கொடுக்குற என்ஜிசி இல்ல பிசிஜிஎஸ் கம்பெனி டப்பால, அதாவது ஸ்லாப்ல, இருந்தா மட்டும் வாங்குங்க, அதுலயும் டப்பா மேல இருக்குற சர்டிபிகேட் நம்பர அவங்க சைட்ல போட்டு அந்த போட்டோவும் கைல இருக்குற காசும் ஒண்ணான்னு பாருங்க, ஏன்னா டப்பாவுக்கே போலி வந்துடுச்சு.

சோழர் காசுல, ராஜராஜனோட செப்புக்காசு, ஒரு பக்கம் நிக்கிற உருவம், மறுபக்கம் உக்காந்த உருவம், கை பக்கத்துல நாகரில ஸ்ரீ ராஜராஜன்னு எழுத்து, இது நம்ம ஊர்லயும் இலங்கைலயும் மூட்டை மூட்டையா கிடைச்சது. விலை கம்மி, போலி பண்றவனுக்கு கட்டுப்படியே ஆகாது, ஆரம்பிக்குறவங்களுக்கு அருமையான காசு. ஆனா சோழர் தங்கம்னு யாராச்சும் காட்டினா ரெண்டடி தள்ளி நில்லுங்க. அதே மாதிரி சங்ககால சேரர் காசு, மாக்கோதை, குட்டுவன் கோதைன்னு தமிழ் பிராமி எழுத்தும் ராஜா முகமும் போட்ட வெள்ளிக்காசு, கரூர் அமராவதி ஆத்து மணல்ல கிடைச்சதுன்னு ஒரு கதையோட வரும். கரூர்ல ஆத்துல நிஜமாவே ஏகப்பட்ட காசு கிடைச்சிருக்கு, ரோமன் காசு உட்பட, அதனாலதான் இந்தக் கதை சுலபமா விலைபோகுது. ஜஹாங்கீரோட ராசி மொகரும், அதாவது ராசிப் படம் போட்ட தங்கக்காசும், இந்த ஜாதிதான், பத்து பாத்தா பத்தும் பிற்காலத்துல பண்ணதா இருக்கும், உண்மையான பீஸ் எல்லாம் எந்த மியூசியத்துல, யாரு கலெக்ஷன்ல இருந்து வந்ததுன்னு வரலாறோட வரும், வரலாறு இல்லன்னா வேணாம். வார்ப்பு போலிய கண்டுபிடிக்குறது ஈஸி, எழுத்து சோப்புல செஞ்ச மாதிரி மொழுக்குன்னு இருக்கும், குட்டி குட்டி குமிழி ஓட்டை இருக்கும், ஓரத்த சுத்தி ஒட்டின கோடு தெரியும், வெயிட் ஒத்து வராது. 1835ல இருந்து வந்த கம்பெனி ரூபாய், விக்டோரியா ராணி ரூபாய் எல்லாம் 11.66 கிராம், தேஞ்சா கொஞ்சம் குறையலாம், கூடவே கூடாது. இந்த ஒரு நம்பர மட்டும் மனப்பாடமா வச்சாலே பாதி போலி கழிஞ்சிடும். அச்சு போட்டு அடிச்ச போலிதான் கஷ்டம், அங்க உங்க கண்ணுக்கு ஒரிஜினல் நூறு பாத்த பழக்கம் வேணும், வேற மருந்து இல்ல. எழும்பூர் மியூசியத்துல நாணயப் பிரிவு இருக்கு, அங்க போய் பாத்து கண்ண பழக்குங்க. ஜீனோன்னு இலவச டேட்டாபேஸ் இருக்கு, கிழக்கு நாட்டு காசு எல்லாம் போட்டோவோட இருக்கும், ராத்திரி போன் நோண்டுற நேரத்துல அத நோண்டுங்க.

போலி இல்லாம, ஆனா போலி மாதிரியே கவுத்து விடுற ஒண்ணு ரிஸ்ட்ரைக். கம்பெனி காலத்து, ராணி காலத்து அச்ச எடுத்து பின்னாடி பம்பாய், கல்கத்தா மின்ட்டே கலெக்டர்களுக்காக திருப்பி அடிச்சு கொடுத்துட்டு இருந்தது, 1970 வாக்குலதான் நிறுத்தினாங்க. பாக்க ஜோரா, கண்ணாடி மாதிரி இருக்கும், அரசாங்க மின்ட்டே அடிச்சது, ஆனா 1835னு போட்டிருந்தாலும் 1835ல அடிச்சது கிடையாது. கேட்டலாக்ல ரிஸ்ட்ரைக்குன்னு போட்டிருப்பாங்க, படிக்காம ஒரிஜினல் விலைக்கு கை தூக்குறவங்க ஒவ்வொரு ஏலத்துலயும் ஒருத்தராச்சும் இருப்பாங்க.

வெரைட்டி எவ்வளவு விலைய மாத்தும்னு தெரியணும்னா 1862 ராணி ரூபாய பாருங்க. 1862னு தேதி போட்ட காச அந்த ஒரு வருஷம் மட்டும் அடிக்கல, அதே தேதிய வச்சே பல வருஷம், 1874 வரைக்கும் அடிச்சாங்க, பம்பாய் மின்ட்ல எந்த வருஷத்து காசுன்னு தெரியுறதுக்கு தேதிக்கு பக்கத்துல சின்ன சின்ன புள்ளி வச்சாங்க. மேல எத்தனை புள்ளி, கீழ எத்தனை புள்ளிங்குறத வச்சு சில காம்பினேஷன் வெள்ளி விலைக்கு கொஞ்சம் மேல போகும், சிலது அதுக்கு பல மடங்கு போகும். கடைல பத்து 1862 ரூபாய் மொத்தமா குவிச்சு வச்சிருந்தா புள்ளி எண்ணிப் பாத்துட்டு வாங்குங்க. ஏலத்துல மொத்த லாட்டா பத்து இருபது ரூபாய் சேத்து வரும்போதும் அதே கதைதான், மொத்த லாட்டுக்கு போட்டோ ஒழுங்கா போட மாட்டாங்க, அதனால வியூயிங்ல பொறுமையா உக்காந்தவனுக்குத்தான் அதுல மீன் மாட்டும். ஹால்ல அந்த லாட் வரும்போது பாதி பேரு டீ குடிக்க போயிருப்பாங்க.

பணக் கணக்கு. ஏலக்காரர் சுத்தியல அடிச்சு சொல்ற விலை நீங்க கட்டுற விலை இல்ல. அது மேல பையர்ஸ் பிரீமியம்னு ஒரு சதவீதம், வரி, கூரியர்ல வாங்கினா இன்சூரன்ஸோட அனுப்புற செலவு. சதவீதம் ஆளுக்கு ஆள் மாறும், கேட்டலாக் பின்பக்கம் கண்டிஷன்ஸ்ல பொடி எழுத்துல இருக்கும், ஒவ்வொரு தடவையும் படிங்க. சும்மா கணக்குக்கு பிரீமியம் 15, வரி 5னு வச்சுக்குவோம். நாப்பதாயிரத்துக்கு அடிச்சா பிரீமியம் ஆறாயிரம், ஆச்சு 46,000, வரி 2,300, மொத்தம் 48,300. அதனால பின்னாடி இருந்து கணக்கு போடுங்க, என் கைய விட்டு மொத்தமா அம்பதாயிரம்தான் போகணும்னா, ஹால்ல நான் நாப்பத்தோராயிரம் வரைக்கும்தான் போகணும். இத லாட் நம்பர் பக்கத்துல பென்சில்ல எழுதிடுங்க. எவ்வளவு பணம் எடுத்துட்டு போகணும்னு கேட்டீங்க, கேஷ் எடுத்துட்டு போகவே வேணாம். ரெண்டு லட்சமோ அதுக்கு மேலயோ கேஷா வாங்க சட்டப்படி முடியாது, ரெண்டு லட்சத்துக்கு மேல போனா பான் நம்பரும் கொடுக்கணும், எல்லாம் பேங்க் டிரான்ஸ்பர்தான். பட்ஜெட் பத்தாயிரம் இருந்தாலும் போகலாம், கேட்டலாக்ல கொஞ்ச ஆயிரத்துல ஆரம்பிக்குற லாட் நிறைய இருக்கும்.

ஹால் எப்படி இருக்கும்னா, ஹோட்டல் கான்ஃபரன்ஸ் ரூம், வரிசையா சேர், முன்னாடி ஸ்கிரீன்ல காசோட படம். ஆதார், பான் கொடுத்து ரெஜிஸ்டர் பண்ணா நம்பர் போட்ட அட்டை ஒண்ணு கொடுப்பாங்க, அதான் பேடில். வேகம் உங்களுக்கு அதிர்ச்சியா இருக்கும், மணிக்கு நூறு லாட் பக்கம் ஓட்டுவாங்க, அதாவது ஒரு லாட்டுக்கு அரை நிமிஷம் சொச்சம். "லாட் 214, புக்ல பன்னெண்டாயிரம், பதிமூணு, பதினாலு நெட்ல, பதினஞ்சு சார் பின்னாடி, பதினஞ்சு, பதினஞ்சு"ன்னு இந்தி இங்கிலீஷ் கலந்து ஓடும், டொக்குன்னு அடிச்சிடுவார். புக்னா ஏற்கனவே எழுதிக் கொடுத்துட்டு போன அப்சென்டி பிட், நெட்னா ஆன்லைன்ல உக்காந்திருக்கறவன். ரெண்டு பேர் ஒரே தொகை எழுதிக் கொடுத்திருந்தா முதல்ல கொடுத்தவனுக்குத்தான், அதனால எழுதிக் கொடுக்குறதா இருந்தா சீக்கிரமே கொடுத்துடுங்க, ரவுண்டா இருபதாயிரம்னு கொடுக்காம அதுக்கு ஒரு படி மேல கொடுங்க. ஆன்லைன்ல பிட் பண்றவங்க நெட் லேக் ஆகி ஒரு செகண்ட்ல கோட்ட விடுறது சகஜம்.

வரிசை பெரும்பாலும் கால வரிசைதான். முத்திரை குத்தின பஞ்ச் மார்க் காசு, பழைய ராஜாக்கள், சுல்தான், முகலாயர், சமஸ்தானம், டச்சு டேனிஷ் பிரெஞ்சு கம்பெனி, பிரிட்டிஷ் இந்தியா, அப்புறம் ரிபப்ளிக், கடைசில நோட்டு, மெடல். காலைல எல்லாரும் சூடா இருப்பாங்க, பெரிய காசுக்கு பெரிய சண்டை நடக்கும். சாயங்காலம் ஆக ஆக ஹால் காலியாகும், ட்ரெயின் பிடிக்கணும்னு கிளம்பிடுவாங்க. உங்க லாட் பின்னாடி இருந்தா அதிர்ஷ்டம், ரிட்டர்ன் டிக்கெட்ட மறுநாளைக்கு போட்டுக்குங்க.

டீலருங்கள பத்தி பயந்தீங்களே. டீலர் ஒருத்தர் உங்க கூட போட்டி போட்டா சந்தோஷப்படுங்க, ஏன்னா அவர் திருப்பி விக்கணும், லாபம் வைக்கணும், அதனால மார்க்கெட் விலைக்கு கீழயே நின்னுடுவார். அவர் நின்ன இடத்துக்கு ஒரு படி மேல நீங்க வாங்கினா கடை விலைய விட கம்மியாத்தான் வாங்கி இருப்பீங்க. பயப்பட வேண்டியது ரெண்டு கலெக்டர் மானப் பிரச்சனையா எடுத்துக்கிட்டு மோதுறப்ப, அதுல ஒருத்தர் நீங்களா இருந்தா. டீலருங்க தங்களுக்குள்ள பேசி வச்சு ஒருத்தர் மட்டும் கை தூக்குறது, வித்தவரே ஆள் வச்சு விலை ஏத்துறது எல்லாம் உலகம் பூரா ஏலத்துல சொல்லப்படுற விஷயம்தான், இங்க மட்டும் இல்லன்னு சொன்னா நம்ப முடியுமா. ஆனா பென்சில்ல எழுதின நம்பர்ல நிக்கிறவன யாரும் ஒண்ணும் பண்ண முடியாது, மிஞ்சிப்போனா அந்த விலை வரைக்கும் ஏத்துவாங்க, அது நீங்களே ஒத்துக்கிட்ட விலைதானே.

சட்டம் ஒண்ணு ரெண்டு தெரிஞ்சு வச்சுக்குங்க. 1972 ஆன்டிக்விட்டீஸ் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேல ஆன காசு பழம்பொருள், வச்சுக்கலாம், உள்நாட்டுல லைசென்ஸ் உள்ளவங்ககிட்ட வாங்கலாம், ஆனா நாட்ட விட்டு வெளிய கொண்டு போகவே கூடாது. துபாய்ல இருக்குற மச்சானுக்கு கிஃப்ட்டா கூட அனுப்ப முடியாது. இதனால ஒரு வேடிக்கை, லண்டன்லயோ கலிபோர்னியாவுலயோ ஏலத்துல வர்ற நம்ம ஊரு காச இங்க இருக்குற பெரிய கலெக்டர்ஸ் வாங்கி உள்ள கொண்டு வர்றாங்க, உள்ள வந்தது திரும்ப போகாது, ஒரு வழிப்பாதை. அதான் சில காசு அங்க ஒரு விலை, இங்க ஒரு விலை. இன்னொண்ணு புதையல். 1878 சட்டம் இன்னும் உயிரோட இருக்கு, மண்ணுக்குள்ள கிடைச்சது பத்து ரூபாய்க்கு மேல மதிப்புன்னாலே மாவட்ட கலெக்டருக்கு சொல்லணும். 2020ல திருவானைக்காவல் கோயில்ல பள்ளம் தோண்டுறப்ப பாத்திரத்துல 505 தங்கக்காசு கிடைச்சதே, அது நேரா அரசாங்கத்துகிட்டதான் போச்சு. அதனால "போன மாசம் கிணறு தோண்டும்போது கிடைச்சது சார், பில் வேணாம்"னு யாராச்சும் வந்தா, காசு நிஜம்னா சட்டப் பிரச்சனை, காசு போலின்னா பணப் பிரச்சனை, ரெண்டுல எதுவும் வேணாம்.

தாத்தா காசு விஷயம். நீங்க அனுப்பின படத்துல இருக்குறது பெரும்பாலும் 1940ல இருந்து 45 வரைக்கும் உள்ள ஜார்ஜ் ரூபாய், பாதி வெள்ளி, அதுவும் நல்லா தேஞ்சது. இத ஏலத்துக்கு கொடுத்தா விக்கிறவர் கமிஷன் போக மிஞ்சுறது ஒண்ணும் இருக்காது, தனி லாட்டா எடுத்துக்கவும் மாட்டாங்க. வச்சுக்குங்க. நடுவுல 1918னு ஒண்ணு ரெண்டு இருக்கு, அது 91.7 வெள்ளி, 11.66 கிராம்ல சுத்த வெள்ளி 10.69 கிராம் நிக்கும், அன்னைய வெள்ளி விலைய பெருக்கி பாத்துக்குங்க, அதுக்கு கீழ யாரு கேட்டாலும் கொடுக்காதீங்க. யூடியூப்ல வைஷ்ணோ தேவி படம் போட்ட அஞ்சு ரூபாய்க்கு பத்து லட்சம்னு வருதே, முன்பணம் கட்டு, ஜிஎஸ்டி கட்டுன்னு கேப்பாங்க, முழுக்க மோசடி. 2021 ஆகஸ்ட்ல ரிசர்வ் பேங்க்கே தங்க பேர வச்சு பழைய காசு நோட்டுக்கு கமிஷன் கேக்குறவங்கள நம்பாதீங்கன்னு அறிக்கை விட்டுச்சு.

பெரிய ஏலத்துக்கு முன்னாடி உங்க ஊரு பக்கம் காயின் கிளப் மீட்டிங்குக்கு போங்க, சென்னை, கோவை, திருச்சி, மதுரைன்னு எல்லா இடத்துலயும் இருக்கு, சில இடத்துல மீட்டிங் முடிவுல மெம்பர்களுக்குள்ளயே சின்ன ஏலம் விடுவாங்க, நூறு இருநூறுல கை பழகிக்கலாம். புதுக்கோட்டை அம்மன் காசு, தரங்கம்பாடி டேனிஷ் செப்புக்காசு எல்லாம் அங்க கைக்கு எட்டுற விலைல வரும். அம்மன் காசு, நவராத்திரிக்கு அரிசியோட சேத்து சமஸ்தானத்துல கொடுத்தது, ஒரு பக்கம் பிரகதாம்பா, மறுபக்கம் தெலுங்குல விஜயன்னு இருக்கும், ஒரு சின்ன ஏரியாவ எடுத்து முழுசா படிக்கணும்னா இத விட நல்ல ஆரம்பம் எனக்கு தெரியல.

ஏலத்துல வாங்கினதும் பில்ல வாங்கி லாட் நம்பர், கேட்டலாக் பக்கம் எல்லாத்தையும் போட்டோ எடுத்து வச்சுடுங்க, பின்னாடி விக்கும்போது இந்த காசு எந்த ஏலத்துல இருந்து வந்ததுங்குறதே ஒரு விலை. காச டெலிவரி எடுத்ததும் அங்கயே திரும்ப ஒரு தடவை லென்ஸ்ல பாருங்க, வியூயிங்ல பாத்த அதே பீஸான்னு. போலின்னு நிரூபிச்சா எத்தனை நாளுக்குள்ள திருப்பி எடுப்பாங்கன்னு கண்டிஷன்ஸ்ல இருக்கும், மொத்த லாட்டுக்கு பொதுவா அந்த சலுகை கிடையாது. வீட்டுக்கு வந்து அந்த மெத்து மெத்துன்னு இருக்குற பிவிசி கவர்ல மட்டும் போட்டு வைக்காதீங்க, நம்ம ஊரு வெக்கைக்கு ரெண்டு மூணு வருஷத்துல பச்சையா பிசின் மாதிரி காசுல ஒட்டிக்கும். மைலார் கவர் இல்ல பிளாஸ்டிக் கேப்ஸ்யூல் வாங்குங்க, எக்ஸிபிஷன் ஸ்டால்லயே கிடைக்கும், ஏலம் முடிஞ்சு கிளம்புறதுக்குள்ள வாங்கிடுங்க.